கல் முளைக்கும் ஒன்றரை ஏக்கர்

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் திருவண்ணாமலைக்குப் போய் வந்தேன். கிரிவலத்துக்கு இல்லை, தியானத்துக்கும் இல்லை. என் அக்காவை நிலத்தை விற்க வைப்பதற்காகப் போனேன். அக்கா கோமதி தாம்பரம் பக்கம் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் தைத்தவள். வேலையை விட்டதும் வந்த பிஎஃப் பணத்தை அப்படியே கொண்டுபோய், செங்கம் ரோட்டில் ஒரு சின்னக் குன்றின் கரட்டுச் சரிவில் ஒன்றரை ஏக்கராகக் கொட்டிவிட்டாள். மூன்று வருஷமாக அங்கே கல் பொறுக்குகிறாள். வேறொன்றும் விளையவில்லை.

இப்போது ஒரு டிப்பர் லாரிக்காரர் அந்த நிலத்தைக் கேட்கிறார். சரளையை வழித்து ரோடு போட அனுப்புவாராம். அக்காவின் கணவர் சேகர் மாமாவுக்கு விற்றுத் தொலைத்தால் போதும். அக்கா மாட்டேன் என்கிறாள். "நீ சொன்னாதான்டா கேப்பா. சாயங்காலம் நாலு மணிக்கு லாரிக்காரர் பேச வர்றாரு. அதுக்குள்ள வந்து அவள சரி பண்ணு" என்று மாமா போன் போட்டார். எனக்குக் காலில் சக்கரம் என்று வீட்டில் சொல்வார்கள். டைல்ஸ் விற்கும் வேலை, ஓர் இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு அரிக்கும். கிளம்பிவிட்டேன்.

காலை 5.40க்குக் கிளாம்பாக்கத்தில் பஸ். திண்டிவனம், செஞ்சி வழி. டிக்கெட் 180 ரூபாய். ஜன்னல் சீட் கிடைத்தும் நிம்மதி இல்லை. அக்காவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று திண்டிவனம் வரை ஒத்திகை பார்த்தேன், செஞ்சி வரை அதை மாற்றினேன். காலண்டர் பார்க்காமல் கிளம்பிய முட்டாள் நான் என்பது ஊர் எல்லையில்தான் தெரிந்தது. அன்றைக்குப் பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி இறக்கிவிட்டார்கள். மணி 10.15.

அங்கிருந்து நடை. வெயிலில் ஐந்து கிலோமீட்டர், பையோடு. செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் வந்தபோது முன்னால் பின்னால் எங்கும் தலைகள்தான். செருப்பில்லாமல் நடக்கிற கூட்டத்தில் ஷூ போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனவன் நான் ஒருவன். ஒரு கஃபேயில் நின்றபடியே காபி குடித்தேன், 60 ரூபாய். நல்ல காபிதான், ஆனால் அந்தக் காசுக்கு உட்கார்ந்து குடித்திருக்கலாம். கிரிவலக்காரர்கள் அடி அண்ணாமலை பக்கம் வலது கையில் திரும்பினார்கள், நான் நேராகப் போனேன். ரோடு திடீரென்று காலியானது.

அங்கே ஓர் ஆட்டோ கிடைத்தது. பதினொரு கிலோமீட்டருக்கு 350 ரூபாய். டிரைவரிடம் இடத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மொரம்பு நெலமா சார்? வாங்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?"

"விக்கத்தான்."

"நல்ல வேலை பண்றீங்க. மாடு கட்ட முளைக்குச்சி அடிச்சாகூட எறங்காது அங்க."

மொரம்பு என்பது இந்தப் பக்கத்தில் சரளை மண்ணுக்குப் பெயர். ஆள் இல்லாத கரடுகளின் அடிவாரத்தில், ஆடு மாடு மேய்கிற சரிவுகளில் எல்லாம் இதுதான் கிடக்கிறது. செம்மண்ணில் பாதிக்குப் பாதி கல். கோலிக்குண்டு அளவிலிருந்து தேங்காய் அளவு வரை. ஒரு முழம் தோண்டினால் பாறை இடிக்கும். பார்ப்பதற்கு யாரோ ரோடு போட வந்து பாதியில் விட்டுப்போன மாதிரி இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அக்கா முக்காட்டுத் துண்டோடு, கையில் கல் அள்ளும் பிளாஸ்டிக் பாண்டோடு, சரிவின் நடுவில் குனிந்திருந்தாள். வேலி ஓரத்தில் அவள் பொறுக்கிப் போட்ட கற்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. ஒரு குவியல் இல்லை, ஐந்தாறு.

"வாடா. மாமா அனுப்பினாரா?" என்றாள் நிமிராமலே.

"உன்ன பாக்க வந்தேன்."

"பொய் சொல்லாத, வெயில் ஜாஸ்தியா இருக்கு." இடுப்பில் கை ஊன்றி மெதுவாக நிமிர்ந்தாள். "இங்க பாரு. போன மாசம் இந்த எடத்துல ஒரு கல்லு விடாம பொறுக்கினேன். நாலு நாளைக்கு முன்னால ஒரு மழை. திரும்பவும் பாரு. முளைக்குதுடா. வெதை போட்டது முளைக்கல, கல்லு முளைக்குது."

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர் செய்யாற்றங்கரையில், தாம்பாளம் மாதிரி சமமான நிலம். அங்கே வயலில் ஒரு கல்லைப் பார்த்தால் பார்த்தவன் எடுத்து வரப்பில் போட்டுவிட்டுத்தான் போவான், அடுத்தவன் வயலாக இருந்தாலும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. அந்தக் கையைத்தான் அக்கா இங்கே கொண்டுவந்திருந்தாள்.

சின்னக் கூரைக் கொட்டகைக்கு அடியில் கேழ்வரகுக் களியும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும் போட்டாள். நான் ஒத்திகை பார்த்த பேச்சை எடுக்கலாமா என்று வாயைத் திறக்கும் முன்பே அவளே சொல்லிவிட்டாள்.

"வித்துடலாம்டா. எனக்கு இடுப்பு போச்சு. மா வச்சேன், காஞ்சுது. கொய்யா வச்சேன், அதுவும் காஞ்சுது. இந்தக் கல்லுகிட்ட நான் தோத்துட்டேன். நாலு மணிக்கு அவர் வரட்டும், சரின்னு சொல்லிடறேன்."

வந்த வேலை களி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் களி இறங்கியிருக்காது. நாலு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. உட்கார முடியாமல் எழுந்து வேலியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன்.

ஒரு சுற்று முடியும்போது, கீழ்ப்பக்கத்து முள்கம்பிக்கு அடியில் புகுந்து இரண்டு ஆடுகள் உள்ளே வந்தன. கொட்டகையிலிருந்து அக்கா கத்தினாள். "அந்த முனிரத்தினம் வேலைடா அது. கம்பிய தூக்கி விட்டுட்டு, ஆட்ட உள்ள தொறத்தி விடறான். மொத வருஷம் ஒரு கோழிகூட உள்ள வராது." முனிரத்தினம் கீழ்நிலத்துக்காரர். இந்த ஆட்டு விஷயத்தில் அவரோடு அக்காவுக்கு ஒரு வருஷமாகப் பேச்சு கிடையாது.

ஆட்டை விரட்டிவிட்டுக் கம்பியைப் பார்த்தேன். கல்தூணில் போட்ட துளையில் அது அப்படியே இருந்தது, கட்டுக்கம்பி துருப்பிடித்து. யாரும் தொடவே இல்லை. அப்புறம் தூணைப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கல் வேறு நிறத்தில், செம்மண் கறையோடு இருந்தது. முன்பு மண்ணுக்குள் புதைந்திருந்த பாகம் அது. கம்பி மேலே போகவில்லை, தரைதான் கீழே போயிருந்தது.

ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாத் தூணிலும் அந்தக் கறை இருந்தது, மேல்மூலையில் மட்டும் இல்லை. மேல்மூலையில் ஒரு பாம்புப் புற்று. ஊர்ப் பெண்கள் வெள்ளிக்கிழமை பால் ஊற்றுகிற புற்று என்பதால் அதைச் சுற்றி இருந்த கற்களை மட்டும் அக்கா தொடவில்லை. அங்கே தரை பழைய உயரத்திலேயே இருந்தது. கற்களுக்கு இடையில் புல் பச்சையாக நின்றது. ஒரு குச்சியால் ஒரு கல்லைப் புரட்டினேன். நாலு நாளைக்கு முன் பெய்த மழை, மேலே கொளுத்துகிற வெயில், கல்லுக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது.

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அங்கே கொஞ்சம் ஊற்றினேன். கல்லிடுக்கில் இறங்கிக் காணாமல் போனது. அக்கா பொறுக்கிய இடத்துக்கு வந்து மீதியை ஊற்றினேன். அங்கே மேல்மண் அப்பளம் மாதிரி இறுகியிருந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் மண்ணைக் கரைத்துக்கொண்டு சரிவில் ஓடியது. போன இடத்தில் புதிதாக இரண்டு சின்னக் கற்கள் எட்டிப் பார்த்தன.

கல் முளைக்கவில்லை. மேலே கிடந்த கல்தான் மழையின் அடியை வாங்கிக்கொண்டு மண்ணைக் காத்துவந்தது. அதைப் பொறுக்கப் பொறுக்க மண் போகிறது, அடியில் இருந்த கல் வெளியே தெரிகிறது. அதையும் பொறுக்குகிறாள், இன்னும் மண் போகிறது. மூன்று வருஷம், இடுப்பு ஒடிய ஒடிய, தன் நிலத்தைத் தானே கழுவி அனுப்பியிருக்கிறாள்.

இதை எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? விற்கப் போகிறாள், விற்ற பிறகு இது யாருக்கு என்ன? வாயை மூடிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். கொட்டகைக்கும் புற்றுக்கும் நடுவில் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. "இன்னாடா, கூண்டுப்புலி மாதிரி சுத்தற?" என்று அவளே கேட்டாள். என் வாய் எப்போதும் என் பேச்சைக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன். தூணைக் காட்டினேன், புற்றுக்கு அழைத்துப் போய்க் கல்லைப் புரட்டிக் காட்டினேன்.

அவள் குனிந்து அந்த ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப எம்மண்ணு எங்க போச்சு?" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம் வேர்க்கடலைக்கு நடுவில் களை எடுத்துக்கொண்டிருந்தார். செடிகள் கரும்பச்சையாக, முழங்காலை எட்டி நின்றன. ஒரு வருஷம் கழித்து அக்கா அவரோடு பேசினாள்.

"அண்ணே, மேலருந்து மண்ணு வருதா உங்களுக்கு?"

அவர் சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் தயங்கினார். பிறகு, "வருதும்மா. ஒவ்வொரு மழைக்கும் வருது. நல்ல மண்ணு. எருவே கம்மியாதான் போடறேன்" என்றார். "நான் ஒண்ணியும் வெட்டி எடுக்கல, தானா வருது."

அக்கா கம்பிக்கு அடியில் ஆடு புகுந்த வழியிலேயே குனிந்து அவர் நிலத்துக்குள் போனாள். ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்தாள். சல்லடையில் சலித்த மாதிரி, ஒரு கல் இல்லாத மண். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அதைத் திரும்ப அங்கேயே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு மாமாவும் லாரிக்காரரும் வந்தார்கள். அக்கா கொட்டகையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "இல்லீங்க, குடுக்கறதா இல்ல" என்று மட்டும் சொன்னாள். லாரிக்காரர் மாமாவைப் பார்த்தார், மாமா என்னைப் பார்த்தார். லாரிக்காரர் கிளம்பின பிறகு நான் நடந்ததைச் சொன்னேன். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சரின்னு சொல்லிட்டவள திரும்பக் கெளப்பி விட்டுட்டியே. உன்ன எதுக்குடா கூப்ட்டேன்?"

ஐந்தரை மணி டவுன் பஸ்ஸில் ஏறினேன், டிக்கெட் 15 ரூபாய். பௌர்ணமி என்பதால் அதுவும் ஊருக்கு நாலு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. எதிரே நிலவு ஏற ஏற, கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு நடந்து, சென்னை பஸ்ஸைப் பிடித்து வீடு சேர நடுநிசி தாண்டியது.

அந்தப் பக்கம் நிலம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பௌர்ணமியில் போகாதீர்கள்; மற்ற நாளில் பஸ் நிலையத்திலிருந்தே செங்கம் பஸ் கிடைக்கும், ஆட்டோவுக்கு நான் கொடுத்த 350 ரூபாய் மிச்சமாகும். சரளையில் செருப்பு வழுக்கும், ஷூ போடுங்கள். கல்லைக் கையால் புரட்டாதீர்கள், தேள் இருக்கும், குச்சி எடுத்துப் போங்கள். சரிவில் நிலம் வாங்குவதாக இருந்தால் மேலே நின்று மலையைப் பார்த்து மயங்காமல், முதலில் கீழ்நிலத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே மண் கொழுத்திருந்தால் உங்கள் மண் இளைத்திருக்கிறது. மழை முடிந்து நாலைந்து நாள் கழித்துப் போவது நல்லது, எங்கே ஈரம் நிற்கிறது என்று தெரியும். கற்களை எடுத்தே ஆகவேண்டும் என்று கை அரித்தால், எடுத்த கல்லைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக வையுங்கள், வேலி ஓரத்தில் குவிக்காதீர்கள். மாமரம் வேண்டாம். அந்த மண்ணில் சீத்தா வரும், அதுவும் பொறுமை இருந்தால்தான்.

அக்கா குவித்த கற்களைத் திரும்பக் கொண்டுபோய்ச் சரிவில் குறுக்கு வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். மாமா சொல்லித்தான் தெரியும். ஒரு மாதம் அவள் என் போனை எடுக்கவில்லை. போன வாரம் எடுத்தாள். இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இனிமேலாவது அதை விற்றுவிட்டு நிம்மதியாக இரேன் என்று, இவ்வளவுக்குப் பிறகும், கேட்டேன்.

"கல்லு கெட்டதுன்னு நெனச்சப்ப வித்துட்டுப் போக மனசு வந்துச்சுடா. கெடுத்தது நான்னு தெரிஞ்சப்புறம் எப்படி விட்டுட்டுப் போறது?" என்றாள்.