வேலியோரப் பாத்தி

கொட்டாஞ்சேனையில் குப்பைத் தொட்டிக்கும் சங்கிலி போட்டு வைப்பார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கையின் முடிவில், தொடர்மாடிக்குப் பின்னால் இருக்கும் காய்கறித் தோட்டத்துக்குப் பூட்டே இல்லை. விலைவாசி ஏறிப் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு நின்றுபோன காலத்தில், அக்கம்பக்கத்தார் சேர்ந்து குப்பை கொட்டிய நிலத்தைத் திருத்திப் போட்டது அது. ஞாயிறுதோறும் பறித்ததைப் பங்கிடுவோம். வேலைக்கு வராத வீட்டுக்கும் பங்கு உண்டு. தேயிலை மலையிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். அங்கே விழுந்து கிடக்கும் சுள்ளிக்கும் காவலாக ஒரு வாச்சர் உண்டு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கொழும்புக்கு இறங்கி ஆறு வருடமாகிறது. புறக்கோட்டையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. யார் ஊர் கேட்டாலும் "கண்டிப் பக்கம்" என்பேன், தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. காய்கறித் தோட்டத்தில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. படித்த பிள்ளை என்று மதித்தார்கள். அந்த மதிப்புக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற துடிப்பு எனக்கு. வேலியோரப் பாத்தியில் கீரை குறைந்துகொண்டே போவதைக் கவனித்து, யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் விடியற்காலையில் போய் நின்றேன்.

ஒரு பெண் குனிந்து கிள்ளிக்கொண்டிருந்தார். என் அம்மாவின் வயது இருக்கும்.

"ஏய், பையத் தொற."

அப்படியேதான் கேட்டேன். அவர் பையைத் தரையில் கவிழ்த்தார். ஒரு பிடி பொன்னாங்கண்ணி, நாலு பச்சை மிளகாய். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

"கொழும்புதான்."

"அப்பிடிங்களா? எங்க வாச்சரு கேக்குற மாதிரியே இருந்துச்சு. அதான் கேட்டேன்."

கிள்ளியதை அங்கேயே விட்டுப் போய்விட்டார்.

மலையில் இருந்த காலம், எனக்கு ஒன்பது வயதிருக்கும். கொழுந்து மலையிலிருந்து இறங்கிய அம்மாவை வாச்சர் இதே சொல்லால் நிறுத்தினான். அம்மா இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்து, பையை ரோட்டில் கொட்டினார். இரண்டு கொய்யாப்பழம், எனக்காக மிச்சம் வைத்த பாதி ரொட்டி. பொறுக்கி எடுத்தபடி அம்மா சொன்னார்: "நீ படிச்சிட்டா ஒன் பைய எவனும் தொறக்கச் சொல்ல மாட்டான்." அம்மா சொன்னது சரிதான். இன்றுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அந்தப் பெண் கீரையை விட்டுப் போன அன்று காலையிலேயே, காய்கறித் தோட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மல்லிகா அக்காவிடம் போய், கள்ளனைப் பிடித்த கதையை என் சிங்களத்தில் பெருமையாகச் சொன்னேன்.

"அய்யோ மல்லி, கவுத ஹொரா?" என்று, என்னைத் தம்பி என்றழைத்துச் சிங்களத்திலேயே கேட்டார்.

யார் கள்ளன் என்று அடையாளம் கேட்கிறார் என நினைத்து, பச்சைச் சீத்தைத் துணிச் சட்டை, செருப்பில்லாத கால் என்று வருணிக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு நன்றாக விளங்கட்டும் என்றோ என்னவோ, தமிழுக்கு மாறினார்.

"அதில கள்ளன் யாரு இருக்கு? கேக்க வெக்கப்படுற ஆளுக்குத்தான் அந்தப் பாத்தி. அதுதான் காலையில நாங்க ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்ல. உங்களுக்கு யாரும் சொல்ல இல்லயா?"

யாரும் சொல்லவில்லை. வயிற்றுப் பசி தெரிந்தவனுக்கு அதைச் சொல்ல வேண்டியதுமில்லை.

அதன்பின் நான் விடியற்காலையில் அந்த ஒழுங்கைப் பக்கமே போகவில்லை. என்றாலும் அந்தப் பெண் வரவில்லை. பாத்தியில் கீரை முற்றிப் பூத்தது. மல்லிகா அக்கா என்னைத் திட்டவுமில்லை. முற்றியதைப் பிடுங்கிவிட்டுப் புது விதை தூவினார். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

போன சனிக்கிழமை கிராண்ட்பாஸில், மரக்கறிக் கடைகள் மூடும் நேரம், கழித்துப் போட்ட இலைக்குவியலுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணைக் கண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், பாத்தி உங்களுக்குத்தான் என்று சொல்ல வேண்டும், என் தோட்டத்தின் பெயரையும் சொல்லிவிட வேண்டும் என்று கிட்டப் போனேன். அவர் என்னைக் கண்டதும் நின்றார். நான் வாய் திறக்கும் முன்பே பையை இறக்கி, இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார்.

"வேணாம்னு போட்டதுங்க தம்பி. கேட்டுத்தான் எடுத்தேன். மலையில இருந்து வந்தவங்கதான் நாங்க, அதுக்காகக் களவெடுக்க மாட்டோம்."

கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோட்டத்தின் பெயர் என் தொண்டை வரை வந்தது. ஆறு வருடமாகப் பழகிய கொழும்புத் தமிழ் அதை முந்திக்கொண்டது.

"ஓம் அம்மா. நீங்க போங்கோ."

அவர் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு, பையைக் கட்டித் தூக்கி, என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.