பால் பாய்க்கே!

போன வாரம் மகளிடம் நல்ல டோஸ் வாங்கினேன். புக்கிட் கட்டில் ஊரில் இருக்கும் என் வீட்டை வாய்ப்பேச்சிலேயே வாடகைக்கு விட்டுவிட்டேனாம். “எழுதி வாங்கினீங்களாப்பா?” என்றாள். அவள் வக்கீல். நான் வக்கீல் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்றவன். ஆக, இரண்டு பக்கமும் சட்டம்தான்!

ஒப்பந்தச் சட்டத்தை நான் எங்கே கற்றேன் தெரியுமா? கோர்ட்டில் இல்லை... ஓர் ஆட்டிடம்.

ஜப்பான்காரன் காலம். என் முதலாளி வக்கீல், ஆபீஸை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போனபோது, ஒரு பெட்டை ஆட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்போது நான் குடியிருந்த காஜா பெராங்கில் என் கொல்லை முழுக்க மரவள்ளி. ஆடு விடுமா? பக்கத்து வீட்டுக் காசிம் பாயிடம் பங்கு பேசி வாரத்துக்கு விட்டேன். ஆடு என்னுடையது, வளர்ப்பு அவருடையது, குட்டியில் ஆளுக்குப் பாதி.

“பால்?” என்றேன்.

“அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம், கிராணியாரே.”

விடுவேனா? ஆறு வருஷம் அக்ரிமென்ட் டைப் அடித்த கையாயிற்றே! “பேச்சு தெளிவா இருக்கணும் பாய். பால் முழுக்க உங்களுக்கு. நாளைக்கு நானே கேட்டாலும் கிடையாது.” எனக்கென்ன, நான் குடிப்பது கறுப்புக் காப்பி!

ஆடு குட்டி போட்டது. அடுத்த வாரமே, பாய் ‘தங்கச்சி’ என்று கூப்பிடும் என் மனைவிக்கும் பிரசவம். கிழங்கு தின்ற உடம்பு, தாய்ப்பால் ஊறவில்லை. டின் பால் ஊரிலேயே கிடையாது. பிள்ளையின் அழுகை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. பயந்துவிட்டேன்.

பாயிடம் போனேன். அந்தப் பாலைக் கொடுத்துத்தான் அவர் வீட்டுக்கு அரிசி வாங்கிக்கொண்டிருந்தார். அது எனக்கும் தெரியும். வேறு வழி?

“பாய்... அன்னிக்குப் பேசினத கொஞ்சம் மாத்திக்கலாமா? பால்ல பாதி...”

கறந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. “மாத்த முடியாது. பேச்சுன்னா பேச்சுதான். பால் முழுக்க என்னுது.”

என் வாயால் நானே போட்ட ஷரத்து அல்லவா? திரும்பி நடந்தேன்.

“எங்க போறீங்க?” செம்பை நீட்டினார். “தண்ணி கலந்து, காய்ச்சிக் குடுங்க. என் பாலை என் தங்கச்சி புள்ளைக்குக் குடுக்க ஒங்களக் கேக்கணுமா?”

பிள்ளை சோறு தின்னும்வரை ஒரு நாள்கூட அந்தச் செம்பு தவறியதில்லை. பாய் வீட்டிலும் அன்றிலிருந்து மரவள்ளிதான்.

ஷரத்து எல்லாம் மனுஷன் சரியில்லாதபோதுதான் வேண்டியிருக்கிறது. காசிம் பாய் மாதிரி ஆள் கிடைத்தால், எதிராளி போட்ட ஷரத்தை வைத்தே அவனுக்கு நல்லது செய்துவிடுகிறார்.

சரி, அந்தப் பாலைக் குடித்துப் பிழைத்தது யார் என்கிறீர்களா? “எழுதி வாங்கினீங்களாப்பா?” என்று கேட்டாளே... அந்த வக்கீலம்மாதான்!