"தண்ணி வழியுது சார்!"

எட்டாவது படிக்கும் என் தங்கைக்கு ரோபோ கிட் வாங்கித் தந்து, புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தது நான்தான். தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் குட்டி கார் ஒன்று செய்வாள் என்று நினைத்தேன்.

அவள் கிட்டிலிருந்த தண்ணீர் சென்சாரை எடுத்துப்போய் மொட்டைமாடித் தொட்டிக்குள் மாட்டினாள். தொட்டி நிரம்பப்போனால் பீப் அடிக்கும்.

அடித்தது. அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. "யாரோ கார் ரிவர்ஸ் எடுக்கறாங்க" என்றார்.

எங்கள் தொட்டி வழிந்தால் எதிர்வீட்டு ஆன்ட்டி கத்துவார், அப்பா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார். ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்ததிலிருந்து அதுதான் ஏற்பாடு.

எனவே தங்கை ஆன்ட்டியின் கத்தலைப் போனில் பதிவுசெய்து, பீப்புக்குப் பதில் அதை வைத்துவிட்டாள்.

இன்று காலை மாடியிலிருந்து குரல் வந்தது. "சார்! தண்ணி வழியுது சார்!"

அப்பா ஓடினார். ஒரு சொட்டுகூட வழியவில்லை.

ஆன்ட்டியும் ஓடிவந்தார், எங்கள் கேட்டுக்கு. "நான் வாயே தொறக்கலையே! யாருடி அது?"

தங்கை பெருமையாக விளக்கினாள். "இனிமே நீங்க கத்தவே வேணாம் ஆன்ட்டி."

ஆன்ட்டி மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ நான் எதுக்கு?"

ஏஐ வந்ததிலிருந்து சிறுசேரி ஐடி ஆபீசில் எங்கள் டீம் மொத்தமும் இதைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது. வாய்விட்டுக் கேட்டவர் ஆன்ட்டி மட்டும்தான்.

உங்கள் தெருவில் தொட்டி வழிந்தால் கத்த ஆள் வேண்டுமா? அனுபவமுள்ளவர் ஒருவர் இருக்கிறார்.

தேவைப்பட்டால் நானும் வருகிறேன்.