சித்தப்பா காய்ச்சிய கேஸ்கெட்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் தட்டிதான் சுவர். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். தங்கம் விளைகிற ஊர் என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். காதில் பொட்டுத் தங்கம் இல்லாத பெண்கள்தான் எங்கள் லைனில் அதிகம். அந்தத் தங்கத்தால் எங்களுக்கு வாய்த்தது இருமலும் சந்தேகமும்தான்.

அப்பாவுக்கு இருமல் முதலிலேயே வந்துவிட்டது. சுரங்கத்துக்குள் வருஷக்கணக்காகப் பாறைத் தூசியை விழுங்கியவர். இனிக் கீழே இறங்கினால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னபிறகு, யார் யார் காலிலோ விழுந்து மேலே மில்லுக்கு வேலை மாற்றிக்கொண்டார். கல்லை அரைத்துத் தங்கம் பிரிக்கிற இடம் அது. அங்கே வேலை செய்கிறவன் இடுப்பைச் சொறிந்தால்கூடக் காவல்காரன் முறைப்பான்.

அப்பாவின் தம்பி சுரங்கத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். ஒரு பழைய காரை எங்கிருந்தோ பிடித்து வாடகைக்கு ஓட்டினார். அந்தக் கார் ஒருநாள் பட்பட் என்று வெடிக்கத் தொடங்கியது. உள்ளே உட்கார்ந்தால் புகையில் கண் எரிந்தது. இன்ஜினிலிருந்து புகையை வாங்கிக்கொண்டு போகும் இரும்புக் குழாய்க்கு மேனிஃபோல்ட் என்று பெயர். அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் அப்பளம் மாதிரி ஒரு செம்புத் தகடு இருக்கும். அதுதான் கேஸ்கெட். சூட்டில் அது இறுகிப்போய், ஓரமாகப் புகை கசிகிறது என்றார் சித்தப்பா. புதிது வாங்க பெங்களூர் போகவேண்டும். மறுநாள் காலையிலோ அவருக்குப் பக்கத்து ஊரான ஊரிகத்தில் ஒரு கல்யாண சவாரி.

"செம்ப பழுக்கக் காய்ச்சித் தண்ணில போட்டா மறுபடி மெத்துனு ஆயிடும் அண்ணி, பாருங்க" என்று அம்மாவின் கரி அடுப்பைப் பறித்துக்கொண்டார். எனக்கு ஒரே கொண்டாட்டம். நான் அடுப்பு ஊத ஊத, தகடு முதலில் கறுத்தது. எவ்வளவு சிவந்திருக்கிறது என்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. சாயங்கால வெயில் நேராக வீட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"கதவு சன்னல் எல்லாத்தையும் சாத்துங்க அண்ணி. வெளிச்சத்துல செவப்பு தெரியாது. ரொம்பக் காய்ஞ்சா உருகிடும்."

அம்மா சாத்தினாள். இருட்டில் அந்தத் தகடு மாதுளம்பூ நிறத்தில் ஒளிர்ந்தது. அவ்வளவு அழகான பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. தட்டி இடுக்கு வழியாக வேறு யாரோ பார்த்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மில் தொழிலாளி வீட்டில் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பில் எதையோ காய்ச்சினால், எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் தள்ளிய அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கதவ ஏன்டா சாத்துனே?"

"இன்னாண்ணா, செம்புதானே!" என்று சிரித்தார் சித்தப்பா.

அப்பா சன்னலைத் திறப்பதற்குள் காவல்காரர்கள் வந்துவிட்டார்கள். அரிசியைத் தரையில் கொட்டினார்கள். தலையணையைக் கிழித்தார்கள். அம்மாவின் கூந்தலைக்கூட அவிழ்க்கச் சொன்னார்கள். சித்தப்பா தொட்டித் தண்ணீரிலிருந்து கேஸ்கெட்டை எடுத்துக்கொண்டு அவர்களைக் காரிடம் கூட்டிப்போனார். தகட்டைப் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு நட்டாக முடுக்கிக் காட்டினார். இன்ஜின் சூடானதும் இன்னொரு சுற்று முடுக்கினார். கார் பூனைபோல் முனகியது. ஒரு காவல்காரர் சிரித்தேவிட்டார். "சரிப்பா, போங்க போங்க" என்றார். லைனே கைதட்டியது. சித்தப்பா திருவிழாவில் ஜெயித்தவர்போல் நின்றார். அப்பா மட்டும் கொட்டிக் கிடந்த அரிசியை அள்ளிக்கொண்டிருந்தார்.

குற்றம் இல்லை என்று எழுதிய சுரங்க ஆபீஸ்காரர்களே, பெயர் அடிபட்ட ஆள் மில்லில் வேண்டாம் என்றும் எழுதிவிட்டார்கள். அப்பாவை மறுபடி சுரங்கத்துக்குள் போகச் சொன்னார்கள். டாக்டர் சொன்னதை எடுத்துச்சொல்ல ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். இஷ்டமில்லையென்றால் வீட்டைக் காலி செய் என்றார்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அப்பா சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டுக்குப் போன முதல் நாள் காலை, சித்தப்பா காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "ஏறுங்கண்ணா, எறக்கி உட்றேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அப்பா நடக்க ஆரம்பித்தார். அம்மா தடுக்கத் தடுக்க நான் ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். காரில் துளிப் புகை இல்லை, சத்தமும் இல்லை. அப்பாவின் பின்னாலேயே மெதுவாக ஊர்ந்து போனோம். இவ்வளவு நல்ல கார் இருக்கும்போது இருமி இருமி நடக்கிறாரே, என்ன அப்பா இவர் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

ஷாஃப்ட் வாசலில் என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் நின்றிருந்தார்கள். ஆட்களை ஆழத்துக்கு இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் போகிற அப்பா என்றால் எங்கள் வகுப்பில் தனி மவுசு. நான் காரிலிருந்து தலையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்:

"எங்கப்பா இனிமே கேஜ்ல போவாரே!"

அப்பா திரும்பிப் பார்த்து எனக்குக் கையாட்டினார்.