பாலம் தாங்கிய முதல் பாரம்

ஈக்காட்டுத்தாங்கலில் என் பேத்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. நேற்று அந்தப் பக்கம் போனபோது கரிப்புகையும் காய்ந்த இரும்பும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது. நின்றுவிட்டேன். மற்ற கிழவிகள் மல்லிகைக்கு மயங்குவார்கள். நமக்கு வாய்த்தது இது.

கல்யாணமான புதிதில் ஏரி மேல் பாலம் கட்டுகிற வேலைக்குப் போனேன். முக்கோணம் முக்கோணமாக இரும்பைக் கோத்த பாலம். அது வருமுன் எதிர்க்கரைக்குப் போகப் படகு, இல்லாவிட்டால் ஏரியைச் சுற்றி அரை நாள் மாட்டுவண்டி. கரி அடுப்புக்குத் துருத்தி ஊதுவது என் வேலை. இரும்புகளைச் சேர்த்து அறைகிற ஆணி பழுக்கக் காய்ந்ததும் ஒருத்தர் இடுக்கியால் எடுத்து மேலே வீசுவார். என் வீட்டுக்காரர் அதைத் தகர வாளியில் பிடிப்பார். வீட்டில் டம்ளரை நீட்டினால் நழுவவிடுகிற மனுஷன், அங்கே ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

பாலம் முடிந்து திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் நாத்தனார் அஞ்சலைக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி எதிர்க்கரையில். காற்று பலமாக இருக்கிறது, வரமாட்டேன் என்றார் படகுக்காரர். பாலத்திலோ, பெரிய மனிதர் ரிப்பன் வெட்டும்வரை ஆள் நடந்தால் மேஸ்திரிக்கு வேலை போய்விடும். பாரம் தாங்குமா என்று பார்க்க மணல் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி மட்டும் போகலாம்.

"புள்ள பாதி வந்துகினு கீது மேஸ்திரி. நீ ரிப்பனப் பாத்துகினு நிக்கிற" என்றேன்.

அவர் அஞ்சலையைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார்.

"ஆளு போவக்கூடாதுன்னுதான் சொன்னாங்க, லோடு போவலாம். இவள மூட்டைங்க நடுவுல ஏத்து."

"யாரு நைனா மூட்டை?" என்றாள் அஞ்சலை, அந்த வலியிலும்.

"நீதான்மே. கம்முனு வா. மூட்டை பேசாது" என்றேன்.

நானும் வீட்டுக்காரரும் தள்ளினோம். கீழே ஏரி கடல் மாதிரி அலையடித்தது. பாலம் இம்மி அசையவில்லை. நான் ஊதின நெருப்பில் வெந்த ஆணிகளாச்சே, எப்படி அசையும்? ஆஸ்பத்திரி வாசல்படி தாண்டினதும் பெண் பிறந்தாள்.

அப்புறம் பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டினார். முதலில் கடந்தவர் அவர்தான் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். மேஸ்திரிதான் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார். அதன்பின் அந்த வழியாகத்தான் காய்கறி லாரி வந்தது, எங்கள் கரைப் பெண்பிள்ளைகள் பெரிய படிப்புக்குப் போனார்கள். அஞ்சலை மகள் இப்போது பாலவாக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறாள். சம்பந்தி எதிரில் நான் "லோடு" என்று கூப்பிட்டால் முறைப்பாள்.

பக்கத்தில் சிமெண்டுப் பாலம் வந்ததும் நம் பாலத்தை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கல்லும் இடிபாட்டோடு போயிற்று. மேஸ்திரி, அஞ்சலை, என் வீட்டுக்காரர், ஒருத்தரும் இல்லை. முதலில் கடந்தது யார் என்று கேட்டால் சொல்ல நான் ஒருத்திதான் பாக்கி. கேட்காவிட்டாலும் சொல்வேன்.