வலது காதுக்குச் சின்ன ரப்பர்

எங்கள் ஜிம்மின் கதவில் 'பெண்கள் நேரம்: பின்னேரம் மூன்று முதல் நாலரை வரை' என்று ஒரு மட்டை தொங்கும். எழுதியவருக்கு நல்ல நம்பிக்கை. அந்த நேரத்துக்கு வந்த பெண்கள் எல்லாரையும் கூட்டிப் பார்த்தால் நான் ஒருத்திதான்.

கிளிநொச்சி டவுனில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடி. ஓடுகிற ட்ரெட்மில் ஒன்று, ஓடாத ட்ரெட்மில் ஒன்று, துருப்பிடித்த டம்பெல்கள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. ஐந்து மணிக்குப் பெடியள் வந்தால் ஸ்பீக்கர் கத்துகிற கத்தில் கீழே டயர்க் கடைக்காரர் கையாலும் காலாலும்தான் கதைக்க வேண்டும். எனக்கு மட்டும் ஸ்பீக்கர் இல்லை. முதல் நாளே நடத்துகிற அண்ணையிடம் கேட்டேன்.

"ஒராளுக்கு என்னத்துக்குத் தங்கச்சி ஸ்பீக்கர்?" என்றார். போகிற போக்கில் இரண்டு ஃபானில் ஒன்றையும் நிறுத்திவிட்டுப் போனார்.

அவருடைய அக்கா படி முடிகிற இடத்தில் ஒரு கதிரை போட்டு இருப்பார். பெடியள் யாரும் அந்த நேரத்தில் மேலே ஏறாமல் பார்ப்பது அவருடைய வேலை. மடியில் யாருடையதாவது ஒரு பிளவுஸ் இருக்கும், கொக்கி தைப்பார். நான் போகும்போது ஒரு தலையாட்டல், வரும்போது ஒரு தலையாட்டல்.

கம்பஸில் இப்படி இல்லை. விடுதியில் ஒரு அறைக்கு நாலு பேர். விடியப்புறம் மைதானத்தைச் சுற்றி ஓடுவோம். ஒருத்தி கத்திக் கத்தி எண்ணுவாள். யாராவது ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் விழுவாள். டிகிரி முடிந்தது. ஒருத்தி அவுஸ்திரேலியா, ஒருத்தி கலியாணம் முடித்துக் கட்டார், ஒருத்தி மட்டக்களப்பில் வீட்டோடு. நான் வாய்க்கால் கரையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் வட்சப் குறூப்பில் இப்போது ரோசாப்பூப் படத்தில் 'காலை வணக்கம்' மட்டும்தான் வருகிறது. அதுவும் கட்டார்க்காரி போடுவது. வீட்டில் கதைக்கிற கதை எல்லாம் வயலுக்கு எப்போது தண்ணி திறப்பார்கள், எனக்கு எப்போது வேலை கிடைக்கும் என்பதுதான். இரண்டுக்கும் ஒரே பதில்: தெரியாது.

அதனால்தான் ஜிம். அங்கே ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். வேறு கேள்வியும் கேட்க மாட்டார்கள் என்பது போகப் போகத்தான் விளங்கியது.

ஒருநாள் அண்ணை படியில் நின்றபடி சொன்னார்: "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. விளையாட்டுக் கழகத்துப் பெடியள் அந்த நேரத்தைக் கேக்கிறாங்கள். இந்த மாச முடிவுக்குள்ள இன்னுமொரு பொம்பிளைப் பிள்ளை கொப்பியில பதிஞ்சா நேரம் இருக்கட்டும். இல்லாட்டி நான் என்ன செய்ய?"

நியாயமான ஆள்தான். அதுதான் எரிச்சல். திட்டவும் வழியில்லை.

அந்த நேரம் போனால் எனக்கு அந்த நாளில் வேறு ஒன்றும் இல்லை. அதனால் ஆள் பிடிக்க இறங்கினேன். சித்தியின் மகளிடம் கேட்டேன். "டம்பெல் தூக்கினா ஆம்பிளை மாதிரி வந்திடுமடி" என்றாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருத்தி "அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றாள். அவர் இன்னும் கேட்டு முடிக்கவில்லை. இன்னொருத்தி சிரித்தாள், அவ்வளவுதான். பிறகு எனக்கும் விசர் வந்து, ஒருவரும் வேண்டாம் போங்கடி என்று, உடற்பயிற்சிக்கென்றே விற்கிற ஒரு சோடி இயர்பட்ஸுக்கு ஓர்டர் போட்டேன். வயர் இல்லாதது, வியர்வைக்குப் பழுதாகாதது, காதைச் சுற்றிப் பிடிக்கிற கொக்கி வைத்தது.

பெட்டி வந்த அன்றைக்கு வீட்டில் பெரிய கூத்து. முதலில் கொக்கி. அது காதைச் சுற்றி வந்து என் தோட்டில் இடித்தது. தோட்டைக் கழற்றினேன். அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "மூளிக் காதோட டவுனுக்குப் போகப் போறியோ?" என்றார். சமாதானத்துக்கு ஒரு கடுகளவு பொட்டுத் தோடு போட்டேன். அடுத்தது ரப்பர். பட்ஸின் நுனியில் மாட்டுகிற ரப்பர் மூன்று அளவில், சோடி சோடியாக இருந்தது: சின்னது, நடுத்தரம், பெரியது. நடுத்தரத்தை மாட்டி, காதுக்குள் வைத்து, பின்பக்கமாக ஒரு திருகு திருகி, விழுகிறதா என்று பார்க்கத் தலையை இரண்டு பக்கமும் உலுப்பினேன்.

"என்னடி, கலை வந்திட்டுதோ?" என்றார் அம்மா.

"ஓம், திருநீறு கொண்டு வாங்கோ."

இடது நின்றது. வலது கழன்று பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீருக்குள் விழப் பார்த்தது. என் இரண்டு காதும் ஒரே அளவு இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். இத்தனை வருசம் கூடவே இருந்த காது.

போனில் அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறது. ஒரு இசைத்துண்டைப் போட்டு, சத்தம் காதுக்கு வெளியே கசிகிறதா என்று பார்த்துச் சொல்லும். நல்ல பொருத்தம் என்றால் பச்சை, இல்லாவிட்டால் செம்மஞ்சள். எனக்கு இடது பச்சை, வலது செம்மஞ்சள். சின்னது, பெரியது என்று மிச்ச ரப்பர்களையும் கைப்பையில் எறிந்துகொண்டு அடுத்தநாள் ஜிம்முக்குப் போனேன்.

ஃபான் காற்று வருகிற பக்கம் பெஞ்சில் இருந்தேன். வலதுக்குச் சின்ன ரப்பர். திருகினேன். வெளிச் சத்தத்தை அடக்குகிற பொத்தானை அமத்தினேன். வீதியில் பஸ் இல்லை, கீழே டயர் தட்டுகிற சத்தம் இல்லை. ஆப் அசையாமல் இருக்கச் சொன்னது, கண்ணையும் மூடிக்கொண்டேன். இசை தொடங்கியது. முதல்நாள் தகரத்தில் தட்டினமாதிரி இருந்த அதே துண்டு, இப்போது அடித்தொண்டையால் வந்து நெஞ்சில் இடித்தது. சிரித்துவிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் இரண்டும் பச்சை. யாரோ படியிறங்கிப் போகிற முதுகும் தெரிந்தது. அக்காவுக்குத் தெரிந்த ஆளாக்கும் என்று ட்ரெட்மில்லில் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஒன்றரைக் கிழமை, ஒரு பத்து நாள், நல்லாய்ப் போனது. நல்லாய் என்றால், ஜிம்முக்குள் நான் இல்லாதமாதிரிப் போனது. பாட்டு முடிகிற இடத்தில் மட்டும் ஒரு விநாடி வெறுமை வரும். அடுத்த பாட்டு வந்து அதை மூடிவிடும்.

பிறகு ஒருநாள் இரண்டு பட்ஸும் செத்துக் கிடந்தன. முதல்நாள் பெட்டியைச் சார்ஜில் போட மறந்திருந்தேன். சும்மா காதோடு ஸ்குவாட் செய்தேன். என் முழங்கால் சத்தம் எனக்கே கேட்டது.

"இண்டைக்குக் காதில ஒண்டும் இல்லையோ?" அக்கா கதிரையில் இருந்தபடி கேட்டார்.

"சார்ஜ் இல்லை அக்கா."

"அப்ப இண்டைக்குக் கதைக்கலாம்." ஊசியைப் பிளவுசில் குத்தி வைத்தார். "அண்டைக்கு ஒரு பிள்ளை வந்தது எல்லோ. ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"எந்தப் பிள்ளை?"

"உமக்குப் பக்கத்தில வந்து நிண்டு கேட்டது. ஒருக்கா இல்லை, மூண்டு நாலு தரம். நீர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிச்சனீர். அது என்னைப் பாத்திட்டு இறங்கிப் போட்டுது. பேர் பதியத்தான் வந்தது, பாவம்."

கையில் இருந்த டம்பெல்லை விரிப்பில் வைத்தேன். வைத்தேனா போட்டேனா தெரியாது. கீழே டயர்க் கடைக்காரர் "மேல என்ன?" என்று கத்தினார்.

"ஒருக்காத் தட்டிச் சொல்லியிருக்கலாமே அக்கா!"

"எனக்கென்ன தெரியும்? ஒவ்வொரு நாளும் உதைக் காதுக்குள்ள வைச்சுக்கொண்டு நிக்கிறீர். நானும் ரெண்டு மூண்டு தரம் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டனான். மறுமொழி இல்லை. கம்பஸ் பிள்ளை, எடுப்பாக்கும் எண்டு விட்டிட்டன்."

எடுப்புப் பிடித்தவள், தலைக்கனக்காரி என்று என்னைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். சில நேரம் உண்மைதான். ஆனால் இந்த முறை அப்படி ஒன்றும் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? மாதம் முடிய நாலு நாள் இருந்தது. நான் வீடு வீடாகக் கேட்டும் வராத ஆள், தானாகப் படியேறி வந்து, என் பக்கத்தில் நின்று நாலு தரம் கேட்டிருக்கிறாள். நான் பச்சை வந்ததென்று சிரித்திருக்கிறேன்.

அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கார்மென்ட்ஸில் தைக்கிற பிள்ளை. இந்த இரண்டு கிழமையும் காலை ஷிப்ட். மூன்று மணிபோல வேலை பஸ்ஸில் சந்தியில் இறங்குவாள். அடுத்தநாள் ஜிம்முக்குப் போகாமல் ஸ்கூட்டியைச் சந்தி மரத்தடியில் நிறுத்தினேன்.

பஸ்ஸில் இருந்து மூன்று பேர் இறங்கினார்கள். சாப்பாட்டுப் பெட்டிப் பையோடு நடுவில் வந்தவளின் முதுகு எனக்குத் தெரிந்த முதுகு.

"தங்கச்சி, ஒருக்கா நில்லும்."

என்னைக் கண்டதும் முகம் இறுகியது. "ஏன், காது கேக்குமா ஒங்களுக்கு?" என்றாள். மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து எங்கள் வன்னிப் பக்கத்துக்கு வந்தவர்கள் என்பது அந்த ஒரு கேள்வியின் பேச்சு வழக்கிலேயே தெரிந்தது. கேள்வியும் நல்ல கூர்.

"அண்டைக்கு எனக்கு உண்மையா ஒண்டும் கேக்கேல்லை."

"நாலு தரம் கேட்டேன்ல. இந்த ஓடுற மெசின எப்படிங்க போடுறதுன்னு. நாள் முழுக்க குனிஞ்சு தைக்கிறோம், முதுகு விட்டுப்போகுது. டாக்டர்தான் ஏதாச்சும் செய்யச் சொன்னாரு. நீங்க என்னையப் பாத்துச் சிரிச்சீங்க."

"உம்மைப் பாத்துச் சிரிக்கேல்லை."

"வேற யாரு இருந்தாங்க அங்க?"

ஒருவரும் இருக்கவில்லை. கைப்பைக்குள் கையை விட்டு இரவே சார்ஜில் போட்டு வைத்த இயர்பட்ஸ் பெட்டியை எடுத்தேன். "காதைக் காட்டும்" என்றேன். என்னுடைய குரல் எப்பவும் கொஞ்சம் அதட்டலாகத்தான் வரும். அதற்கு அவள் பயப்படவில்லை, ஆனால் என்ன செய்கிறேன் என்று பார்க்க ஆசைப்பட்டாள். சட்டையில் துடைத்துவிட்டு மாட்டினேன். நடுத்தரம் நிற்கவில்லை. சின்னது சுத்தமாக நிற்கவில்லை. நான் ஒருநாளும் தொடாத பெரிய ரப்பரைப் பிரித்து மாட்டித் திருகினேன். இரண்டு காதிலும் கச்சிதமாகப் போய் இருந்தது. வெளிச் சத்தத்தை அடக்கினேன். அதே இசைத்துண்டைப் போட்டேன்.

அவளுடைய கண் அகலித்தது. ஒரு டிப்பர் மணலோடு சந்தியைக் குலுக்கிக்கொண்டு போனது; அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

அப்போது சொன்னேன். "ஒரு மாசமா ஒராள் வரவேணும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீ வந்தனீ. நான் கேக்கேல்லை. அங்க ஒவ்வொரு நாளும் தனியத்தான் நிக்கிறன். என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டது மற்ற இருவருக்கும்தான். அவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

பட்ஸைக் கழற்றினாள். "என்னா சொன்னீங்க?"

"இந்த அக்கா அழப்போறாங்கடி" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"விசர்க் கதை கதையாதேங்கோ" என்றேன். இரண்டாம் தரம் சொல்ல எனக்கு அவ்வளவு நீளமாக வரவில்லை. "சொறி எண்டு சொன்னனான். வாரும். மெசின் போட நான் காட்டித் தாறன்."

பட்ஸை என் உள்ளங்கையில் வைத்தாள். "பாப்போம்" என்றாள்.

வன்னியில் 'பாப்பம்' என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம். அவளுடைய 'பாப்போம்' எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்தநாள் பட்ஸ் இல்லாமல் ஓடினேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அக்கா இரண்டு நாளும் தேத்தண்ணி தந்தார். இரண்டு நாளும் நான் படியைப் பார்த்துக்கொண்டு ஓடினதில் ட்ரெட்மில்லில் இரண்டு தரம் கால் தடுக்கியது.

மாதத்தின் கடைசி நாள், நேரம் முடியப் பத்து நிமிசம் இருக்கும்போது படியில் பாட்டாச் செருப்புச் சத்தம் கேட்டது. பஸ் பிந்திவிட்டது என்றாள். செருப்போடு ட்ரெட்மில்லில் ஏறப் பார்த்தாள், இறக்கிவிட்டேன். "மெதுவா, கம்பியப் பிடியும், கீழ பாக்காதையும்." பத்து நிமிசமும் கம்பியை விடவே இல்லை. அக்கா எழும்பிப் போய் மற்ற ஃபானையும் போட்டார். அண்ணை கொப்பியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "சரி, இருக்கட்டும்" என்றுவிட்டுக் கீழே போனார்.

நேரம் தப்பியது. ஆனால் அவளுக்கு ஷிப்ட் மாறும். இரண்டு கிழமை காலை, அடுத்த இரண்டு கிழமை பின்னேரம். அவள் வருகிற கிழமைகளில் இரண்டு ஃபான் ஓடும். பெட்டி கைப்பையை விட்டு வெளியே வராது. அவள் மேற்பார்வைக்காரியைத் திட்டுகிற திட்டைக் கேட்டே என் நேரம் போய்விடும்.

மற்றக் கிழமைகளில் நான் மட்டும்தான், ஒரு ஃபான்தான். இந்தக் கிழமையும் அப்படித்தான். நேற்று ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா கொக்கி தைப்பதை நிறுத்திவிட்டு என் இடது காதில் மட்டும் இருந்த பட்ஸைப் பார்த்தார்.

"மற்றது துலைஞ்சு போச்சோ?"

"இல்லை அக்கா. பெட்டிக்குள்ள கிடக்கு."

படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது என் வலது காது.