ஷட்டர்காரன் வீட்டுச் சம்பந்தம்

குரும்பகரத்து வைத்தியலிங்கத்துக்கு உலகத்தில் பிடிக்காத ஜென்மம் ஒன்று உண்டென்றால், அது மதகில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஆள்தான். பாம்பைக் கண்டால்கூட ஒதுங்கி வழிவிடுவார். ஷட்டர்காரனைக் கண்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். அதில் நியாயமும் இருந்தது. காவிரி குடகில் பிறந்து, ஊர் ஊராக நனைத்து, எல்லாரும் பாய்ச்சி முடித்த மிச்சம்தான் காரைக்கால் கடைமடைக்கு வரும். நாற்று காயும்போதெல்லாம் இளவட்டங்களைத் திரட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேற்கே நடப்பார். எந்த மதகு மூடியிருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் புறப்படாமல் அவரும் புறப்பட மாட்டார். அந்தப் பிடிவாதத்தால் எத்தனையோ பேர் வயல் பிழைத்தது என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் அவரே சொல்வார்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் விஷ்ணுப்ரியா, சென்னைக்கு வேலைக்குப் போன இடத்தில், தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றாள். பெயர் மணிபாரதி. என்ன உத்தியோகம் என்று கேட்டார். திருவள்ளூர் பக்கம் பூண்டி அணையில் ஷட்டர் இயக்குகிற வேலை என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் அப்படியே எழுந்து கை கழுவிவிட்டார்.

"உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேணாம்ப்பா. ஆனா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்" என்றாள் மகள். அப்பனுடைய பிடிவாதம் பிள்ளைக்கு வராமல் பக்கத்து வீட்டுக்கா போகும்?

அவர் மனைவி ராசாத்திதான் நடுவில் புகுந்தாள். "ஏங்க, பாக்காமயே வேணாங்கிறது என்ன பேச்சு? ஒருநடை போய்ப் பாப்போம். பிடிக்கலைன்னா திரும்பிடுவோம்."

"வரேன். ஆனா அவங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன். பச்சத்தண்ணி தொட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

சம்பந்தம் முடிவாகாத வீட்டில் சாப்பிடுவதில்லை என்பது வழக்கம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாறினால் ஊர் காறித் துப்பும். மகள் செல்போனில் மாப்பிள்ளை வீட்டாரின் படத்தைக் காட்ட வந்தாள். வைத்தியலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். படத்தைப் பார்த்தாலும் பாதி சம்மதம் ஆகிவிடும் என்று பயம்.

தை அறுப்பு முடிந்த கையோடு இருவரும் ரயிலேறினார்கள். திருவள்ளூரில் இறங்கி, பஸ் பிடித்துப் பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பையன் வேலை முடிந்து வர மதியமாகும், அதுவரை அணையைச் சுற்றிப் பார்க்கலாம் என்றாள் ராசாத்தி. வீட்டில் போய் வெறும் வயிற்றோடு விறைத்துக்கொண்டு உட்காருவதற்கு இது தேவலை என்று அவரும் நடந்தார்.

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது கட்டிய அணை அது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸ் சனம் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடிய காலத்தில், அதே மெட்ராஸ் குடிப்பதற்காக இங்கே கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கரைமேல் ஏறிப் பார்த்ததும் வைத்தியலிங்கம் நடையை நிறுத்திவிட்டார். மழைக்காலம் முடிந்து ஏரி ததும்பி நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், அதற்கப்பால் மங்கலாக மலை, நடுவில் கூட்டங் கூட்டமாக வெள்ளைப் பறவைகள். சின்ன வயசில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் மறுபடி வந்தது. நல்ல தண்ணீர் இவ்வளவு ஒரே இடத்தில் நின்று அவர் பார்த்ததில்லை.

அப்புறம் ஷட்டர்கள் கண்ணில் பட்டன. வரிசையாக, அத்தனையும் மூடி.

"பாத்தியா? இம்மாந் தண்ணிய வச்சிக்கிட்டு மூடி வச்சிருக்கான்!"

"ஏங்க, இது கொசத்தலையாறு. தொறந்தாலும் நம்மூருக்கு வராது."

"வராட்டிப் போவுது. மூடி வச்சிருக்கான்ல?"

ராசாத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, பசிக்கிறது என்று பேச்சை மாற்றினாள். ரோட்டோரம் ஏரி மீன் வறுக்கும் கடைகள் இருந்தன. முதல் கடையைத் தாண்டினாள், அடுத்ததையும் தாண்டினாள், கடைசிக் கடையில் போய் உட்கார்ந்தாள். கடைக்கார அம்மாள் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, வாழையிலை போட்டு, மசாலா மொறுமொறுக்க ஒரு முழு ஜிலேபிக் கெண்டையை வைத்தாள்.

கடல்மீன் தின்ற நாக்கு ஏரி மீனை லேசில் ஒத்துக்கொள்ளாது. வைத்தியலிங்கத்தின் நாக்கு இரண்டாவது வாயிலேயே ஒத்துக்கொண்டது. வயிறு கொஞ்சம் குளிர்ந்ததும் வாய் சூடு பிடித்தது.

"ஏம்மா, இந்த ஷட்டர்காரனுங்க எல்லா ஊர்லயும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதானா? தண்ணி அவன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி பூட்டிக்கிறானுங்களே. நான் கடைமடைக்காரன், எனக்குத்தான் தெரியும் அந்த வலி."

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. ஏரிப் பக்கம் கையை நீட்டினாள்.

"அதோ பறவைங்கோ உக்காந்துருக்குது பாருங்க, அங்கதான் எங்க வூட்டுக்காரரோட தாத்தா நிலம். நெல்லு வெளஞ்ச பூமி. சண்டை நேரத்துல மெட்ராஸுக்குத் தண்ணி வோணும்னு எடுத்துக்கினாங்க. ஊரே முழுவிப்போச்சு, சாமியையே கரைக்குத் தூக்கியாந்து கோயில் கட்டினாங்கன்னா பாத்துக்குங்களேன். சித்திரையில தண்ணி நல்லா எறங்குனா வரப்பு தெரியும். நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல மாமியார் காட்டினாங்க, இதான் நம்பளுதுன்னு."

வைத்தியலிங்கத்தின் கை இலையிலேயே நின்றது.

"எம் புள்ளைக்கு இந்த ஷட்டர்லதான் வேலை. எங்க நிலத்து மேல நிக்கிற தண்ணிய அவந்தான் தொறந்து உடறான். ஆர்டர் வந்தா ஒரு நிமிசம் சொணங்காதடான்னு சொல்லி அனுப்புவேன். நெலத்தயும் குடுத்துட்டு, தண்ணியும் யாருக்கும் போய்ச் சேராம நின்னுச்சுன்னா, நாங்க குடுத்ததுக்கு அர்த்தம் இன்னா?"

வைத்தியலிங்கம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். ராசாத்தி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க யாரு ராசாத்தி?"

"தேசம்மா. மணிபாரதியோட அம்மா."

"முன்னாடியே சொல்லிடலாம்னு போன்லயே சொன்னேன், அண்ணிதான் வோணாம்னுட்டாங்க" என்றாள் தேசம்மாள், பாவமாக.

வைத்தியலிங்கத்துக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் தன்னை இப்படிக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாளே என்று முகம் சிவந்தது. ராசாத்தி அசரவில்லை.

"வீட்டுல கை நனைக்க மாட்டேன்னுதான சொன்னீங்க? இது கடை. காசக் குடுத்துட்டு எந்திரிச்சா யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போயிடலாம். உங்க இஷ்டம்."

அவள் சொன்னது சரிதான். எழுந்துகொள்ள வழி இருந்தது. இலையில் பாதி மீன் கிடந்தது. வைத்தியலிங்கம் ஏரியைப் பார்த்தார். தண்ணீர் இல்லாமல் காய்ந்த வயலின் வரப்பில் நின்று அழுதவர் அவர். தண்ணீருக்கு அடியில் வரப்பு இருப்பவர்களை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. மேல்மடைக்காரன் என்றால் கொழுத்தவன் என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தார். அதை நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, இந்த அம்மாளிடம் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. தன் மதகுகளிலெல்லாம் இவள் பிள்ளை மாதிரி ஒருத்தன் இருந்திருந்தால், அவர் அத்தனை ராத்திரி கொசுக்கடியில் கிடந்திருக்க வேண்டாம்.

பாதி மீனையும் தின்று முடித்தார். முள்ளை ஓரமாக ஒதுக்கினார்.

"மீனு நல்லாருக்கும்மா. ஆனா கடையில தின்னுட்டுப் போறதுக்கு நாங்க ஒண்ணும் அணை பாக்க வந்த கூட்டமில்ல" என்றார். "வீட்டுல சோறு வடிச்சாச்சா?"

தேசம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, வீட்டைப் பார்த்து ஓடினாள். ராசாத்தி மகளுக்குப் போன் போட்டு, அழுகையும் சிரிப்புமாக, "அப்பா சோறு கேட்டுட்டாருடி" என்று மட்டும் சொன்னாள்.

மணிபாரதி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். காரைக்கால் மாமா பச்சத்தண்ணி தொடமாட்டார் என்று விஷ்ணுப்ரியா அவனிடம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். வாசலில் நின்றவனுக்கு முதலில் தெரிந்தது அவர் முகமல்ல, கை. ரசத்தில் கரைத்த சோறு மணிக்கட்டு வரை வழிந்துகொண்டிருந்தது.

வைத்தியலிங்கம் நிமிர்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க மாப்ள" என்றார். "என்ன அப்படியே நின்னுட்டீங்க? உக்காந்து சாப்பிடுங்க. சித்திரையில நாங்க மறுபடி வரணும், வரப்பு தெரியுதான்னு பாக்க."